துணி கட்டி மறைத்தால் சாக்கடை ஆறாகுமா?

மதுரையில் பல மில்களின் சங்கு ஓய்ந்துவிட்டது, புகையும் போயிற்று, இனி நகரத்தைப் பசுமையாக்குவது சுலபம் என்று சில கனவான்கள் பேசுகிறார்கள். 1892ல் ஹார்வி மில் வந்த நாள் முதல் இந்த நகரத்தை உழைத்து வளர்த்த தொழிலாளியை யாராவது கேட்டார்களா? மில் மூடியதும் வேலை போயிற்று. மிஞ்சியது வீட்டு வாசலில் ஓடும் சாக்கடைதான்.

செல்லூரைப் பாருங்கள். தறியையும் மில்லையும் நம்பிப் பிழைத்த ஜனங்கள் வாழும் பகுதி. 2024 அக்டோபர் 25ந் தேதி பெய்த மழையில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. மழை மீது பழி போடலாம். ஆனால் செல்லூர் கண்மாயின் உபரி நீரை வைகைக்குக் கொண்டுபோகும் பந்தல்குடி வாய்க்கால் கழிவும் குப்பையுமாய் அடைந்து கிடந்ததே, அதற்கு யார் பொறுப்பு? 2025 மே மாதம் முதலமைச்சர் மதுரை வந்தபோது அதே வாய்க்காலைத் துணி கட்டி மறைத்தார்கள்! ஊர் சிரித்தது, அவரே நேரில் போய்ப் பார்க்க வேண்டியதாயிற்று.

கண்மாய்களின் கதி இன்னும் மோசம். தல்லாகுளம் கண்மாயில் மாநகராட்சி மாளிகை நிற்கிறது. உலகனேரிக் கண்மாயில் 2004ல் உயர்நீதிமன்றக் கிளை திறக்கப்பட்டது. ஓடைக்கரையில் குடிசை போட்ட ஏழைக்கு மட்டும் ‘ஆக்கிரமிப்பாளன்’ என்று பட்டம்!

வைகைக்கு என்ன செய்தார்கள்? ‘ஸ்மார்ட் சிட்டி’ என்று சொல்லி இரு கரையிலும் சுவரும் சாலையும் எழுப்பினார்கள். ஆறு குறுகிற்று, அதில் விழும் சாக்கடை நிற்கவில்லை. (2017ல் வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமலிருக்கத் தெர்மாகோல் மிதக்கவிட்ட மந்திரி நினைவுக்கு வருகிறார்.) அந்தச் சாக்கடை விரகனூர் மதகணைக்குப் போய், கீழ்ப்புறக் கண்மாய்களுக்கும் வயல்களுக்கும் பாய்கிறது. அந்தச் சேற்றில் இறங்கி நாற்று நடுவது யார்? நம் கூலிப் பெண்கள்தான். மில் தொழிலாளியின் வாசலில் நாறும் தண்ணீரே விவசாயத் தொழிலாளியின் காலை நனைக்கிறது.

செய்ய வேண்டியது மாயவித்தையல்ல. வெள்ளைக்கல்லிலும் சக்கிமங்கலத்திலும் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. நகரத்துக் கழிவு முழுவதையும் சுத்தம் செய்யாமல் ஆற்றில் விடக்கூடாது. மிஞ்சியுள்ள கண்மாய்களில் இனி ஒரு செங்கல்லும் வைக்கக்கூடாது, அது சர்க்கார் கட்டடமானாலும் சரி. வாய்க்கால் பராமரிப்பைக் காண்டிராக்டரிடம் தள்ளாமல், வேலையிழந்த மில் குடும்பங்களுக்கு நிரந்தரச் சம்பளத்தில் கொடுக்க வேண்டும். ஆனால் சாக்கடைக் குழிக்குள் மனிதன் இறங்குவதை 2013ம் வருஷச் சட்டம் தடுக்கிறது. அங்கே இயந்திரம் இறங்கட்டும்.

ஐப்பசி மழைக்கு முன் பந்தல்குடி வாய்க்கால் தூர்வாரப்படுகிறதா என்று செல்லூர்த் தோழர்கள் கரையோரம் நடந்து பார்த்து வாருங்கள். இல்லையென்றால் மாநகராட்சி வாசலில் கூடுவோம். திருப்புவனத்து விவசாயத் தொழிலாளர்களையும் அழைப்போம்.