வெள்ளைக் குட்டிகளும் வெள்ளை உள்ளமும்



"ஆடு வளர்த்தால் இறைச்சி உண்டு, மாடு வளர்த்தால் பால் உண்டு, கோழி வளர்த்தால் முட்டை உண்டு. நாயை வளர்த்து ஒரு குடும்பம் பிழைக்க முடியுமா? நாள் முழுவதும் அங்கே உங்களுக்கு என்னதான் வேலை?" என்று வாசகச் சகோதரி ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். நியாயமான கேள்விதான். அதற்கு விடை கூறுவதோடு, இத்தொழிலில் நான் பட்டறிந்த ஒன்றையும் இத்திங்கள் மறைக்காமல் சொல்லிவிடலாம் என்று எண்ணுகிறேன்.

எங்கள் பண்ணை, இராசபாளையத்திலிருந்து சற்றுத் தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலை கண்ணுக்குத் தெரியும் ஒரு சிற்றூரின் ஒதுக்குப்புறத்தில் இருக்கிறது. வேப்பமரங்களின் நிழலில் வடபுறம் எங்கள் சொந்த நாய்கள் ஒன்பது. எல்லாம் இராசபாளையத்து நாய்கள். பால்போல் வெண்மையான குட்டை மயிர், இளஞ்சிவப்பு மூக்கு, நீண்ட கால்கள், பொன்னிறக் கண்கள் ஆகியவையே இவ்வினத்தின் அடையாளங்கள். 2005ஆம் ஆண்டில் நம் அஞ்சல் துறை நாய்களுக்கென வெளியிட்ட நான்கு அஞ்சல் தலைகளுள் ஒன்று இந்நாய்க்கு உரியது. தென்புறம், வெளியூர் செல்வோர் எங்களிடம் விட்டுச் செல்லும் நாய்களுக்கான அடைப்புகள் பத்து. இவற்றை நாங்கள் 'விருந்தாளிகள்' என்று அழைப்பது வழக்கம்.

காலை 5 மணிக்கு எழுகிறோம். முதல் வேலை உணவிடுவதன்று. உற்றுப் பார்ப்பதே முதல் வேலை. தண்ணீர்ச் சட்டி குறைந்திருக்கிறதா, மலம் கட்டியாக இருக்கிறதா, நடையில் நொண்டல் உண்டா, கண்ணில் பீளை உண்டா என்று ஒவ்வோர் அடைப்பிலும் நின்று பார்ப்போம். "வயிறு வலிக்கிறது" என்று நாய் வந்து சொல்லப் போவதில்லை. அது சொல்லாததை நாம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பின்னர் கழுவும் வேலை. இதில் வரிசை பிசகக் கூடாது. குட்டிகள் இருக்கும் அறை முதலில், எங்கள் நாய்கள் அடுத்து, விருந்தாளிகள் கடைசியில். தென்புறத்திற்கென்று தனிச் செருப்பு, தனித் துடைப்பம், தனி வாளி. அங்கிருந்து திரும்பினால் சோப்பிட்டுக் கைகால் கழுவாமல் குட்டிகளின் பக்கம் போவதில்லை. இந்தக் கட்டுப்பாட்டை நாங்கள் கற்றுக்கொண்ட விதத்தைப் பின்னர்ச் சொல்கிறேன்.

காலையில் கம்பங்கூழ், மாலையில் சோறும் வேகவைத்த இறைச்சியும். வெந்த எலும்பு கொடுப்பதில்லை. அது சிம்பு சிம்பாகப் பிளந்து குடலைக் குத்திவிடும். வெங்காயம் சேர்ந்த குழம்பையும் ஊற்றுவதில்லை. வெங்காயம் நாயின் இரத்தத்தில் உள்ள சிவப்பணுக்களைச் சிதைக்கும். மீந்த குழம்புச் சோற்றை நாய்க்கு வைக்கும் இல்லத்தரசிகள் இதை நினைவில் கொள்ளவேண்டும். நண்பகலில் வெயிலோடு போராட்டம். நமக்கு வியர்ப்பதுபோல் நாய்க்கு உடல் முழுதும் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி மூச்சிரைத்தே அது சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். ஆகவே தரையில் தண்ணீர் தெளித்து, நனைத்த சாக்குகளைத் தொங்கவிடுவோம். பிற்பகலில் உண்ணி எடுத்தல், மாலையில் ஓடவிடுதல்.

இரவிலாவது ஓய்வு உண்டா என்றால், சினை நாய் இருக்கும்போது அதுவும் இல்லை. சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள்கள். கடைசி வாரத்தில் காலையும் மாலையும் உடற்சூட்டை அளப்போம். அது 99 பாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கினால், பெரும்பாலும் ஒரு நாளுக்குள் குட்டி ஈனும். அன்றிரவு என் மனைவி அரிக்கேன் விளக்கோடும், நான் பழைய துணிகளோடும் அதன் அருகிலேயே படுத்துக்கொள்வோம்.

விருந்தாளிகள் மிகுதியாக வருவது கோடை விடுமுறையிலும், தீபாவளி, கிறிஸ்து பிறப்பு விழா நாள்களிலும், ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை நடக்கும் வேளாங்கண்ணித் திருவிழாவின்போதும்தான். வந்த முதல் இரண்டு நாள்கள் பல நாய்கள் உணவைத் தொடுவதில்லை. வாயிற்பக்கம் முகம் வைத்துப் படுத்திருக்கும். அதற்காகவே, வீட்டார் உடுத்தித் துவைக்காத ஒரு சட்டையையோ சேலைத் துண்டையோ உடன் கொண்டுவரச் சொல்வோம். அதன்மேல் மூக்கை வைத்து உறங்கிவிட்டால் மூன்றாம் நாள் தானாகச் சாப்பிடும். பெரிய அல்சேஷன் நாய் ஒன்று, தன் வீட்டுப் பாட்டியின் நூல் சேலைத் துண்டைக் கட்டிக்கொண்டு குழந்தைபோல் உறங்குவதைப் பார்த்தால், யாருக்கும் மனம் இளகிவிடும்.

இனி, நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில், ஒருவர் தம் நாயை ஒரு வாரத்திற்கு விட்டுச் சென்றார். "எல்லா ஊசியும் போட்டாயிற்று, அண்ணாச்சி. சீட்டு வீட்டில் இருக்கிறது" என்றார். அவசரத்தில் இருந்தார், நானும் வற்புறுத்தவில்லை. இரண்டாம் நாளே அந்நாய் வாந்தியெடுத்தது, இரத்தமாய்க் கழிந்தது. பார்வோ என்னும் நச்சுயிரி நோய் என்று கால்நடை மருத்துவர் கூறினார். உலகம் முழுவதும் 1978ஆம் ஆண்டளவில் பரவத் தொடங்கிய இந்நோய், தடுப்பூசி போடாத இளங்குட்டிகளை வாரிக்கொண்டு போகும். இதன் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். பெரிய நாய் பிழைத்துக்கொண்டது. ஆனால் என் செருப்பில் ஒட்டிச் சென்ற நோய், ஆறு வாரக் குட்டிகள் நான்கைக் கொன்றது. தொலைபேசியில் கேட்டபோது, ஊசி போடவே இல்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். எனக்கு அவர்மேல் வந்த கோபத்திற்கு அளவில்லை. அந்த நாய்க்கு வாய் இருந்திருந்தால், "எனக்கு ஊசி போடவில்லை" என்று அது சொல்லியிருக்குமே! அதற்காகப் பேச வேண்டியவர் பொய் பேசினார். கேட்க வேண்டிய நான் கேட்காமல் விட்டேன்.

மறு ஆண்டு அதே சோதனை என் முன்னாலேயே வந்து நின்றது.

எங்கள் நல்ல பெட்டை ஏழு குட்டிகள் ஈன்றது. ஏழும் மல்லிகைப் பூப்போல் வெள்ளை. சென்ற ஆண்டின் கடனெல்லாம் இந்த ஏழால் தீரும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வாரத்தில் ஒரு நாள் என் மனைவி, உறங்கிக்கொண்டிருந்த குட்டிகளுக்குப் பின்னால் நின்று, தாம்பாளத்தில் கரண்டியால் ஓங்கித் தட்டினாள். ஆறு குட்டிகள் துள்ளி எழுந்தன. ஒன்று மட்டும் அசையாமல் உறங்கியது. மறுபடி தட்டினாள். மற்றவை மூலைக்கு ஓடின. அது எழவில்லை. அருகில் சென்று தரையைக் காலால் உதைத்தபோதுதான் கண் விழித்து வாலாட்டியது.

"இங்கே பாருங்கள், இதற்குக் காது கேட்கவில்லை" என்றாள்.

இது எங்களுக்குப் புதிய செய்தியன்று. வெண்மையான மயிர் உள்ள இனங்கள் பலவற்றில் இக்குறை உண்டு. தோலுக்கும் மயிருக்கும் நிறம் தரும் உயிரணுக்கள் உட்செவியிலும் இருக்கவேண்டும். அவை இல்லாதுபோனால், பிறந்த சில வாரங்களிலேயே செவியின் கேட்கும் உறுப்பு நலிந்துவிடுகிறது. அமெரிக்காவில் சோதிக்கப்பட்ட டால்மேஷியன் நாய்களுள், ஒரு செவியோ இரு செவிகளுமோ கேளாதவை நூற்றுக்கு 30 அளவில் இருந்ததாக ஆய்வாளர் கண்டிருக்கின்றனர். மாசற்ற வெள்ளை வேண்டும் என்று மனிதன் தேடித் தேடி இணைசேர்த்ததற்கு, குட்டி தன் செவியை விலையாகக் கொடுக்கிறது!

எட்டாம் வாரம், தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் பேத்தியுடன் வந்தார். தோப்பு வீட்டில் அவரும் மனைவியும் மட்டுமே இரவில் தங்குவார்களாம். காவலுக்கு ஒரு நாய் வேண்டும். குட்டிகளைத் திறந்துவிட்டேன். ஆறும் குரைத்துக் குதித்துப் புழுதி கிளப்பின. அந்த ஒன்று மட்டும் அமைதியாக நடந்துவந்து அச்சிறுமியின் மடியில் தலை வைத்தது. "தாத்தா, இதுதான் சமர்த்து. இதையே வாங்குவோம்" என்றாள் அவள். பெரியவர் சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்தார். 12,000 ரூபாய். என் கை நீண்டுவிட்டது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

வாங்கிச் சென்றால் என்ன ஆகும்? இரவில் கள்வன் வந்தாலும் நாய் உறங்கும். உறக்கத்தில் இருக்கும்போது சிறுமி பின்னாலிருந்து தொட்டால், திடுக்கிட்டுக் கடித்தாலும் கடிக்கும். "வெறி நாய்" என்று பெயர் கட்டி அடித்து விரட்டுவார்கள். அது ஏன் கடித்தது என்று சொல்ல அதற்கு வாய் ஏது? சென்ற ஆண்டு நான் யாரைத் திட்டித் தீர்த்தேனோ, அவருடைய இடத்தில் இப்போது நானே நின்றுகொண்டிருந்தேன்.

"ஐயா, இந்தக் குட்டிக்குக் காது கேட்காது" என்றேன்.

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, "மற்றவற்றுக்கு?" என்றார்.

"தட்டிப் பார்த்தோம், ஆறும் எழுந்தன. ஆனால் ஒரு செவி மட்டும் கேளாதிருந்தால் வீட்டுச் சோதனையில் தெரியாது. கருவி வைத்துத்தான் அறிய முடியும். ஆகவே உறுதி சொல்ல மாட்டேன்" என்றேன்.

அவர் பணத்தை மீண்டும் பைக்குள் வைத்தார். "உண்மையைச் சொன்னீர்கள், அண்ணாச்சி. யோசித்து வருகிறேன்" என்று கூறிச் சென்றார். திரும்பி வரவில்லை. செய்தி பரவி, மற்ற ஆறும் குறைந்த விலைக்கே போயின. அந்த ஆண் நாயையும் பெட்டையையும் அதன்பின் இணைசேர்க்கவும் இல்லை. கடன் தீர மேலும் இரண்டாண்டுகள் ஆயின. உண்மை சொன்னவனுக்கு மறுநாளே பொற்கிழி கிடைத்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் நடந்தது இதுவே. அன்றிரவு நான் நன்றாக உறங்கினேன். அதுதான் எனக்குக் கிடைத்த ஊதியம்.

அக்குட்டி இன்றும் எங்களோடு இருக்கிறது. உள்ளங்கையைக் காட்டினால் உட்காரும். கையை மார்பில் வைத்தால் ஓடி வரும். இருட்டில் கைவிளக்கை இருமுறை மினுக்கினால் வீடு திரும்பும். எழுப்ப வேண்டுமானால் தரையைத் தட்டுவோம், அதிர்வில் விழித்துக்கொள்ளும். இணைசேர்க்காதபடி அறுவை செய்திருக்கிறோம். கேளாத செவியோடு அது எங்கள் வீட்டில் முழு வாழ்வு வாழ்கிறது.

நாய்க்குட்டி வாங்க எண்ணும் குடும்பத்தாருக்குச் சில சொற்கள். எட்டு வாரம் நிறையாத குட்டியை வாங்காதீர்கள். 2017ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளும் அதன் விற்பனையைத் தடுக்கின்றன. தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம். பூச்சி மருந்தும் தடுப்பூசியும் கொடுத்த நாள்களை எழுத்தில் கேளுங்கள். வெள்ளைக் குட்டியாயின், அது பாராதபோது பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள்; காற்றும் அதிர்வும் படாத தொலைவில் நில்லுங்கள். உங்கள் நாயை யாரிடமேனும் விட்டுச் செல்வதானால், அது கடிக்குமா, இருமுகிறதா, ஊசி போட்டதா என்பதை ஒளிக்காமல் கூறுங்கள். இப்போதெல்லாம் சீட்டைக் கண்ணால் காணாமல் எந்த நாயையும் எங்கள் வாயிலுக்குள் விடுவதில்லை. சிலர் கோபித்துக்கொண்டு போவதுண்டு, போகட்டும்.

நாள் முழுவதும் என்ன வேலை என்று கேட்ட சகோதரிக்கு இப்போது விடை கிடைத்திருக்கும். கழுவுவதும் காய்ச்சுவதும் உண்ணி எடுப்பதும் கூலிக்கு ஆள் வைத்தும் செய்யலாம். வாயில்லாத உயிருக்கு வாயாக இருப்பதுதான் எங்கள் உண்மையான வேலை. அந்த வாயில் பொய் வந்துவிட்டால், எத்தனை வெள்ளையான குட்டியை விற்றாலும் பண்ணை கறைபட்டதுதான்.

மழைக்காலம் நெருங்குகிறது. ஈரத் தரையில் குட்டிகளைக் காப்பது எப்படி என்று அடுத்த திங்கள் பேசுவோம்.