கியர் பாக்ஸ் புதுசு, ஞாபகம் பழசு

தை பிறந்துவிட்டால் நாகலாபுரத்தைச் சுற்றியுள்ள கரிசல் காடுகளுக்கு லாரிகள் வரத் தொடங்கிவிடும். மக்காச்சோளம் நாமக்கல் பக்கத்துக் கோழித்தீவன ஆலைகளுக்கு ஏறும். உளுந்தும் பாசியும் கமிஷன் கடைகளுக்கு ஏறும். பின்னாலேயே வத்தல், கரிமூட்டை என்று லோடு தொடரும். விதைக்கு மழை எப்படியோ, அறுத்துக் குவித்த சரக்குக்கு லாரி அப்படி. களத்தில் கிடக்கும் மக்காச்சோளத்தில் ஒரு தூறல் விழுந்தாலே பூஞ்சணம் பிடிக்கும். ஈரப்பதம் கூடினால் விலை இறங்கும். ஒரு லாரி வழியில் நின்றுபோனால் லாரிக்காரரோடு சேர்ந்து பயிர் வைத்த சம்சாரியும்தான் கவலைப்பட வேண்டியிருக்கிறது.

முன்பெல்லாம் லாரி நின்றால் காரணம் சீக்கிரமே பிடிபட்டுவிடும். கிளட்ச் பிளேட் கருகினால் வாடை அடிக்கும். பேரிங் போனால் சத்தம் போடும். கோவில்பட்டிப் பட்டறையில் கழற்றி, லேத்தில் கொடுத்துக் கடைந்து, மாட்டினால் வண்டி கிளம்பிவிடும். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்-6 புகை விதி வந்தது. இன்றைய லாரியில் டீசல் தெளிப்பது, புகையைச் சுத்தம் செய்வது, பல வண்டிகளில் கியர் மாற்றுவதுகூட கம்ப்யூட்டரின் பொறுப்பு. உதிரி பாகத்தை மாற்றுவதோடு பாதி வேலைதான் முடிகிறது. மாற்றிய விஷயத்தைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுப்பது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதி நம் பட்டறைகளின் கைக்கு வந்து சேரவில்லை. இந்த வாரம் நான் எழுத வந்தது அதைப் பற்றித்தான்.

ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸை எடுத்துக்கொள்வோம். அதற்குள் அடுக்கடுக்காகச் சின்னச் சின்ன கிளட்ச் பிளேட்கள் இருக்கும். அவற்றை ஆயில் அழுத்தம் சேர்த்துப் பிடிக்கும், விடும். ஓட ஓட பிளேட் தேயும். தேயத் தேய பிடிக்க எடுக்கும் நேரம் கூடும். கியர் மாறும்போது கம்ப்யூட்டர் இதை அளந்து, ஆயிலின் அளவையும் அழுத்தத்தையும் நூலளவு திருத்தி, அந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளும். அதனால்தான் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய வண்டியிலும் கியர் நைசாக விழுகிறது.

கோளாறு வருவது கியர் பெட்டியை மாற்றும்போதுதான். பழைய பெட்டி கழன்று போய்விட்டது. பழைய கணக்கு கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. தேய்ந்த பிளேட்டுக்குப் போட்ட கணக்கைப் புது பிளேட்டின் மேல் அது பிரயோகிக்கும். கியர் விழும்போதெல்லாம் வண்டி உதறும், இல்லையென்றால் இழுக்கும். "புதுப் பெட்டியே சரியில்லை" என்று திரும்பவும் கழற்றிப் பணத்தைத் தொலைப்பவர்கள் உண்டு. செய்ய வேண்டியது, பழைய கணக்கை அழித்துவிட்டு, வேகமாகக் கற்கும் நிலைக்குக் கம்ப்யூட்டரைக் கொண்டுவருவது. பிறகு எல்லா கியரும் விழும்படி, ஆக்சிலேட்டரைக் கொஞ்சமாகவும் அதிகமாகவும் மிதித்து ஓட்டிக் காட்ட வேண்டும். முதலில் கொஞ்சம் உதறும். ஓட ஓடச் சரியாகும்.

இந்த வகை முழு ஆட்டோமேட்டிக் நம் நாட்டில் டிப்பர், குப்பை லாரி, நகரப் பேருந்து போன்றவற்றில்தான் அதிகம். நெடுஞ்சாலை லாரிகளில் வந்திருப்பது ஏ.எம்.டி. (ஆட்டோமேட்டட் மேனுவல் டிரான்ஸ்மிஷன்). அதில் பல்சக்கரமெல்லாம் பழைய மாதிரிதான். கிளட்சை மிதிப்பதையும் கியர் போடுவதையும் ஆக்சுவேட்டர்கள் பார்த்துக்கொள்கின்றன. இதற்கும் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கோவில்பட்டி பைபாஸ் ஓரத்துப் பட்டறை ஒன்றில் இந்த வேலையைக் கிட்ட நின்று பார்த்தேன். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ஆக்சுவேட்டர் எல்லாம் புதுசு. எல்லாவற்றையும் மாட்டி முடித்தும் வண்டி முதல் கியரை ஏற்கவில்லை. மெக்கானிக் டயருக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, ஏர் டேங்கில் காற்று நிரம்பும்வரை இஞ்சினை ஓடவிட்டார். பேட்டரிகளோடு சார்ஜரை இணைத்தார். 24 வோல்ட் இறங்கிவிட்டால் வேலை நடுவில் நின்றுபோகும். சாஃப்ட்வேர் ஏற்றும் நேரமாக இருந்தால் கம்ப்யூட்டரே வீணாகிவிடலாம். பிறகு சாக்கெட்டில் ஸ்கேனர் வயரைச் சொருகி, லேப்டாப்பில் கிளட்ச் லேர்னிங்கைத் தொடங்கினார். வண்டிக்கு அடியிலிருந்து 'புஸ்' என்று காற்றுச் சத்தம். ஆக்சுவேட்டர் கிளட்சை முழுக்க விலக்கிவிட்டு, மயிரிழை மயிரிழையாகச் சேர்த்துக்கொண்டே வந்தது. பிளேட் ஃப்ளைவீலைத் தொட்டதும் கியர் பாக்ஸின் உள் ஷாஃப்ட் சுழல ஆரம்பித்தது. திரையில் பூஜ்யமாக நின்ற எண் ஏறியது. அந்த இடத்தைக் கம்ப்யூட்டர் குறித்துக்கொண்டது. அடுத்து கியர் ஃபோர்க்குகளை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் 'டக் டக்' என்று தள்ளி, எந்த கியர் எங்கே இருக்கிறது என்று அளந்தது. வண்டிக்காரர் பதறிக்கொண்டிருந்தார். "பொறுங்க அண்ணாச்சி, அது படிச்சிக்கிட்டிருக்கு" என்றார் மெக்கானிக். ஒரு டீ குடிக்கும் நேரம்தான். கட்டையை எடுத்ததும் வண்டி அலுங்காமல் நகர்ந்தது.

அந்த டீ குடிக்கும் நேரத்து வேலைக்காக லாரி நாள்கணக்கில் அங்கே நின்றிருந்தது. நிறுவனத்தின் அனுமதி பெற்ற லேப்டாப் வெளியூரிலிருந்து வர வேண்டியிருந்தது. அதற்குள் டிரைவர் பேட்டா ஏறியது, டியூ தேதி வந்தது, பிடித்து வைத்த லோடு கைமாறிப் போனது. கியர் பாக்ஸுக்கு மட்டும்தான் இப்படி என்றில்லை. இஞ்செக்டர் மாற்றினால் அதன் தலையில் பொறித்திருக்கும் குறியீட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டிய வண்டிகள் ஏராளம். ஆக்சில் ரேஷியோ வேறான வண்டியின் கம்ப்யூட்டரைக் கழற்றி மாட்டினால் ஸ்பீடோமீட்டரும் கியர் மாறும் நேரமும் தப்பாகும்.

இந்தப் பிரச்சினை டெல்லிவரை போய்ப் பல வருஷம் ஆகிறது. உதிரி பாகத்தையும் சோதனைக் கருவியையும் வெளிப்பட்டறைகளுக்குத் தராமல் வைத்திருந்ததற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விஷயம் மேல்முறையீடுகளுக்குப் போனது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. வாகனங்களும் விவசாயக் கருவிகளும் அதில் அடக்கம். அதே வருஷம் டிசம்பரில் ஓர் இணைய தளமும் தொடங்கப்பட்டது. தகவல் தரும் தளம் நல்லதுதான். கட்டாயப்படுத்தும் சட்டம் அதற்குப் பின்னால் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018ஆம் வருஷத்து விதிமுறையின்படி, வெளிப்பட்டறைகளுக்கும் பழுதுநீக்கும் தகவலை நியாயமான கட்டணத்துக்குக் கொடுத்தாக வேண்டும். அந்தக் கட்டணத்தை மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும்கூடக் கட்டலாம். நம் பட்டறைகளுக்கு வேண்டியது இதுதான். மாதத்துக்கு ஓரிரு ஏ.எம்.டி. வண்டி வரும் இடத்தில், வருஷச் சந்தா கட்டி லேப்டாப்பைச் சும்மா வைத்திருக்க யாராலும் முடியாது.

இந்த சாஃப்ட்வேர் எல்லோர் கைக்கும் போனால் தப்புக் காரியம் நடக்கும் என்று நிறுவனங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. திருட்டு சாஃப்ட்வேரை வைத்து, யூரியா தண்ணீர் ஊற்றாமலே ஓடும்படி புகை சுத்திகரிப்பை அணைத்துத் தரும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்தப் புகையை நம் பிள்ளைகள்தான் சுவாசிக்கிறார்கள். புகை சுத்திகரிப்புக்கு நிறுவனங்கள் போட்ட பூட்டு பூட்டாகவே இருக்கட்டும். கிளட்ச் லேர்னிங், பழைய கணக்கை அழிப்பது, இஞ்செக்டர் குறியீடு ஏற்றுவது ஆகியவற்றால் புகை கூடப்போவதில்லை. பதிவு செய்த மெக்கானிக்குக்குத் தனி லாகின் கொடுத்து, யார் எந்த வண்டியில் என்ன செய்தார் என்று பதிந்து வைத்தால் போதும். நேர் வழியை அடைத்து வைத்திருப்பதால்தான் திருட்டு சாஃப்ட்வேருக்கு வியாபாரம் நடக்கிறது.

நம் பக்கமும் செய்ய வேண்டியது உண்டு. தமிழக அரசு டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து, 71 அரசு ஐ.டி.ஐ.களை ரூ.2,877 கோடித் திட்டத்தில் மேம்படுத்தியிருக்கிறது. அங்கே பிஎஸ்-6 லாரி இஞ்சின் ஒன்றும் ஏ.எம்.டி. பெட்டி ஒன்றும் இருக்கட்டும். பகலில் மாணவர்கள் படிக்கட்டும். சாயங்காலம், பட்டறையில் தலை நரைத்த மெக்கானிக்குகளுக்கும் வகுப்பு நடக்கட்டும். சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்பவர்கள் அவர்கள். திரையைப் படிக்கவும் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள். வண்டிக்காரர்கள் சேர்ந்து பொதுவில் ஒரு ஸ்கேனரும் சந்தாவும் வாங்கிவைத்தால் செலவு பகிர்ந்துபோகும்.

அதுவரை, கியர் பாக்ஸோ கிளட்சோ மாற்றி வண்டி எடுக்கப் போகிறவர்கள் பில்லைக் கட்டுமுன் கேளுங்கள்: பழைய கணக்கை அழித்தாயிற்றா, லேர்னிங் முடிந்ததா, ஆக்சில் ரேஷியோ சரிபார்த்தாயிற்றா? ஸ்கேனர் தரும் ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். லோடு ஏற்றுமுன் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து எல்லா கியரும் விழ ஓட்டிப் பாருங்கள். காசு கொடுத்து வாங்கிய வண்டியைத் தன் ஊரிலேயே, தனக்கு நம்பிக்கையான ஆளிடம் சரிசெய்துகொள்வது வண்டிக்காரரின் உரிமை. அதைச் சட்டமாக எழுதித் தரச்சொல்லி, வண்டிக்காரரும் மெக்கானிக்கும் சம்சாரியும் சேர்ந்து நம் எம்.பி.க்களிடம் கேட்க வேண்டும்.