கொல்லங்குடி கருப்பாயியும் சேர்வராயன் மலையும்

ஏற்காட்டுக்கு உல்லாசப் பிரயாணம் சென்று மீளும் நம் மாணவ நண்பர்கள், ஏரியில் படகு செலுத்தியதையும் காப்பித் தோட்டங்களின் குளிர்ச்சியையும் பற்றி ஒரு வாரம் பேசுவர். ஆங்குள்ள சிற்றூர்களில் வாழும் மலையாளிகள் என்னும் பழங்குடி மக்களின் பாட்டொன்றைக் கேட்டு வந்தவரை யான் இதுவரை கண்டதில்லை.

இக்குறையை எண்ணுந்தோறும் கொல்லங்குடி கருப்பாயி அம்மையாரின் நினைவு எழுகின்றது. சிவகங்கைச் சீமையினரான அவர், 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தமது 99-ஆம் வயதில் காலமாயினார். நாற்று நடுங்காலும், தொட்டிலாட்டுங்காலும், இழவு வீட்டிலும் நம் கிராமப் பெண்டிர் பாடுகின்றனரே, அந்த நாட்டுப்புறப் பாட்டே அவர் பாடியது. அகில இந்திய வானொலி அவர் குரலை வீடுதோறும் கொண்டு சென்றது. 1985-இல் பாண்டியராஜன் இயக்கிய ‘ஆண்பாவம்’ படத்தில் நடித்து, தம் குரலிலேயே பாடவும் செய்தார். அப்பொழுது அவர்க்கு வயது அறுபதை அணுகியிருந்தது! 1993-இல் கலைமாமணி விருது கிடைத்தது.

சினிமாவே அவரை உயர்த்திற்று என்பர் பலர். யான் அதனை ஒப்பேன். படத்துக்கு முன்னரே வானொலி அவரைக் கண்டுகொண்டது. செவியுடைய ஒருவர், குரலுடைய ஒருவரை நாடினார்; அவ்வளவே. அவ்வாறு எவரும் நாடாமையால் பாட்டோடு மண்ணுள் மறைந்த கருப்பாயிகள் எத்துணையர்! மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் அம்மையார், தம் கணவருடன் இத்தகைய பாடல்களைத் திரட்டி மேடையேற்றினார். அவர்க்கு 2018-இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. பாடுவோர்க்கும் திரட்டுவோர்க்கும் தமிழகம் ஒருங்கே கடமைப்பட்டுள்ளது.

சேர்வராயன் மலையிலோ இத்தொண்டுக்கு இடம் மிக உண்டு. அம்மக்கள் பேசுவது தமிழே. காஞ்சியினின்றும் போந்த உடன்பிறந்தார் மூவருள் பெரியண்ணன் சேர்வராயனிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் குடியேறினர் என்பது அவர்தம் வழிவழிக் கதை. ஏட்டிலன்று, நாவிலேயே காக்கப்பட்டு வந்த வரலாறு இது. நாவில் நிற்பது, பிள்ளைகள் பட்டணத்துக்குப் பிழைக்கச் சென்றபின் எத்தனை நாள் நிற்கும்?

பாட்டை எழுதிவைத்தால் அதன் உயிர் போய்விடும் என்று தமிழாசிரியர் ஒருவர் என்னிடம் வாதித்தார். மெட்டைப் பொறுத்தவரை அது மெய்யே. ஆயின் அன்று வானொலி நிலையம் செய்த வேலையை இன்று நம் சட்டைப்பையிலுள்ள கைப்பேசி செய்யுமே! பாடும் அம்மையாரின் இசைவைப் பெறாது பதிவு செய்தல் தகாது; அவர் விரும்பின் பெயரையும் ஊரையும் பாட்டின் தலைப்பிலேயே குறித்தல் வேண்டும். பாட்டைக் கொணர்ந்து பாடியவரை மறப்பது களவேயாகும்.

சேர்வராயன் கோயில் திருவிழா மே மாதத்தில், நம் கோடை விடுமுறையில் நிகழ்வது. நம் தமிழ்ச் சங்கத்தார் மாணவர் நால்வரை அங்கு அனுப்புவாராயின், அடுத்த சஞ்சிகையின் இப்பக்கத்தை யான் மகிழ்வுடன் அம்மலைப் பெண்டிரின் பாட்டுக்கு விட்டுக்கொடுப்பேன்.