கிணற்றடிக்கு வரவேண்டிய கருவி

குளத்து நீரில் பரவிய நோய்க்கிருமிகளுக்கு அஞ்சி, 1970-களிலிருந்து வங்காளதேசத்துக் கிராமங்களில் சர்க்காரும் சர்வதேச ஸ்தாபனங்களும் நல்லெண்ணத்தோடு இறக்குவித்த குழாய்க் கிணறுகளிலிருந்து, ஆர்சனிக் என்னும் பாஷாணம் கலந்த ஜலத்தையே லட்சோபலட்சம் மக்கள் பல்லாண்டு பருகிவந்தார்கள் என்பது நம் காலத்துப் பெருந்துயரங்களுள் ஒன்று. நிறமும் மணமும் ருசியும் இல்லாத அந்த விஷத்தைப் புலன்களால் அறிய வழியில்லை. கிணற்று நீரைச் சோதித்து, ஆபத்தான கிணற்றுக்குச் சிவப்பும் மற்றதற்குப் பச்சையும் பூசிய ஏற்பாடு பலரைக் காத்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் காகிதத்தில் தோன்றும் நிறத்தைக் கண்ணால் ஒப்பிட்டு மதிப்பிடும் அந்தச் சோதனை, லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த எல்லையின் அருகே நம்பத்தக்கதாக இல்லை.

இங்கேதான் நானோ துகள்களின் உபயோகம் புலப்படுகிறது. தங்கத்தின் நுண்துகள்கள் பதித்த மின்முனையை நீரில் அமிழ்த்தி, உரிய மின்னழுத்தம் கொடுத்தால் ஆர்சனிக் அதன்மேல் படிகிறது. பின்னர் மின்னழுத்தத்தை மாற்றும்போது அது மீண்டும் கரைந்து, தன் அளவுக்கேற்ற மின்னோட்டத்தை எழுப்புகிறது. துகள்கள் நுண்ணியவையாதலால் பரப்பு பெருகி, சொற்ப விஷமும் தெளிவாகத் தெரிகிறது.

ஆனால் ஆய்வுக்கூடத்துச் சுத்த ஜலத்தில் சாதித்ததைக் கொண்டு திருப்தியடைதல் தகாது. செம்பும் கரிமப் பொருள்களும் கலந்த கிணற்று நீரில் அதே நுட்பம் தடுமாறுகிறது. ஆதலால், புதிய துகளொன்றைச் சிருஷ்டிப்பவருக்கு அளிக்கும் மானியத்தில் ஒரு பகுதியையேனும், சித்தமான கருவியைக் கிராமத்துக் கிணற்றடியில் மாதக்கணக்காகச் சோதிப்பவருக்கு அரசாங்கங்கள் வழங்க வேண்டும்.