கோப்பைக்கு என்ன அவசரம்?

பெங்களூரு சின்னசாமி மைதானத்தின் வாசல்களில் 2025 ஜூன் 4 அன்று 11 பேர் நெரிசலில் சிக்கி இறந்தார்கள். பெரும்பாலானோர் இளைஞர்கள். பள்ளிக்குச் செல்லும் வயதினரும் அவர்களில் உண்டு.

முந்தைய இரவுதான் பெங்களூருவின் ஆர்சிபி கிரிக்கெட் அணி, 18 ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் முதன்முறையாக ஐபிஎல் கோப்பையை வென்றிருந்தது. ரசிகர்களின் மகிழ்ச்சியில் குற்றமில்லை. ஆனால், வெற்றி கிடைத்து ஒரு நாள்கூட முடியாத நிலையில் விழா நடத்தியே தீர வேண்டும் என்று முடிவெடுத்தது ரசிகர்கள் அல்ல. சுமார் 35,000 பேர் அமரக்கூடிய மைதானத்தை நோக்கி லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். இரவெல்லாம் தெருக்களில் நின்ற காவலர்களே அந்தக் கூட்டத்தையும் சமாளிக்க வேண்டியிருந்தது.

ஏலத்தில் வீரர்களை எடுத்து ஆடும் தனியார் அணி அது. அதன் வீரர்களைக் கர்நாடகச் சட்டமன்றக் கட்டடமான விதான சவுதாவின் படிகளில் நிறுத்தி, முதல்வரும் துணை முதல்வரும் பாராட்டினார்கள். அரசே இப்படித் தலைமேல் தூக்கிவைத்தால், வாசலில் முண்டியடிக்கும் சிறுவனை மட்டும் எப்படிக் கடிந்துகொள்வது?

மைதானத்துக்கு வெளியே உயிர்கள் போய்க்கொண்டிருக்க, உள்ளே பாராட்டு விழா நடந்தது. அதை ஏற்கவே முடியவில்லை.

மறுநாள் மாநகரக் காவல் ஆணையர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். விழாவுக்கு அவசரப்பட்ட அணி நிர்வாகமும், அமைச்சர்களும் அதே அளவுக்குப் பொறுப்பேற்க வேண்டும்.