காவலர்க்குப் பெயர் இல்லையோ?



அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து வானம் பார்த்த நிலம் பொய்த்தால், உழவன் மகன் சென்னைக்கு வண்டியேறுகிறான். அடுக்ககத்து வாயிலில் காவலனாக நிற்கிறான். அன்றே அவன் பெயர் போயிற்று! 'செக்யூரிட்டி' என்பதே விளி. ஊர்க்காப்பாளரின் நள்ளிரவுக் காவலை மதுரைக்காஞ்சியில் போற்றிய மொழிக்கா சொற்பஞ்சம்?

வணிகர் கூடிக் காவல் அமைப்பது இம்மண்ணுக்குப் புதிதன்று. 19ஆம் நூற்றாண்டில் அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, விருதுநகர் நாடார் வணிகர் உறவின்முறையாய்த் திரண்டனர், மகமை தண்டினர், வண்டியும் மாடும் சரக்கும் கள்வர்க்கு அஞ்சாது தங்கப் பேட்டைகள் எழுப்பினர். 1889இல் விருதுநகரில் அம்மகமையே பள்ளியும் ஆயிற்று. பொருளைக் காத்த கூட்டு, தன் மக்களையும் காத்தது.

இன்றும் தனியார் காவல் நிறுவனத்தார்க்குக் கூட்டமைப்பு உண்டு, 'கேப்சி' என்பர். நிறுவனத்தார்க்காக அரசிடம் வாதிட அது உண்டு. நன்று! 2005ஆம் ஆண்டுச் சட்டம் நிறுவனத்திற்கு உரிமமும் காவலர்க்குப் பயிற்சியும் வேண்டும் என்கிறது. பயிற்சி பெற்றானா, பன்னிரண்டு மணி நேரம் நிற்பவன் மிகைநேரக் கூலி பெற்றானா என்று வினவும் கூட்டு எங்கே?

நிறுவனத்தாரே, உறவின்முறையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்! காவலர்களே, நீங்களும் கூடுங்கள்! தமிழர்களே, நாளைக் காலை உங்கள் வாயிலில் நிற்பவரைக் 'காவலர்' என்று அழையுங்கள். அவர் பெயரைக் கேளுங்கள். பெயர் இழந்தவன் உரிமை கேட்கத் துணியான்!