பூனையும் பச்சை லைட்டும்

போன தீபத்துக்கு எங்க அண்ணன் பொண்ணு வேளச்சேரியிலிருந்து குடும்பத்தோட வந்திருந்தா. திருவண்ணாமலையிலிருந்து எங்க ஊர் 15 கிலோமீட்டர். மொட்டை மாடியில நின்னா மலை உச்சி தெரியும். மகாதீபம் ஏத்தினதும் ஒரு மிளகு அளவுக்கு மினுக்கும், அங்கிருந்தே கும்பிட்டுக்குவோம். கூட்டத்துல போய் முட்டிக்கிறதில்லை. ஆனா பட்டணத்துப் பிள்ளைக்குக் கிரிவலம் போகணும்னு ஆசை. 14 கிலோமீட்டரையும் நடந்து முடிச்சிட்டு, காலை நொண்டிக்கிட்டு, கையில ஒரு பச்சை லேசர் லைட்டோட வந்து சேர்ந்தான் அவ பையன். வயசு 10.

கிரிவலப் பாதையில நடந்தவங்களுக்குத் தெரியும். ஊதல், பலூன், ருத்ராட்சம், சாமி படத்துக்கெல்லாம் நடுவுல ஒரு துணியை விரிச்சு இந்த லைட்டையும் வச்சிருப்பாங்க. வாங்குறவங்களுக்கு மலை மேலேயே அடிச்சுக் காட்டுவாங்க. அவ்வளவு தூரம் போற வெளிச்சம் ஒரு பொம்மைக்கு எதுக்குன்னு அன்னிக்கு எனக்கும் தோணலை.

மறுநாள் சாயங்காலம் எங்க சிமென்ட் களத்துல பையன் அந்த லைட்டை அடிச்சான். எங்க வீட்டுப் பூனை சின்னி திண்ணையிலிருந்து அம்பு மாதிரி பாய்ஞ்சுது. வட்டம் வட்டமா ஓடுது, குதிக்குது, சுவத்துல ரெண்டு முழம் ஏறுது. வீடே சிரிச்சுது. நானும்தான் சிரிச்சேன். நாலு நாள் இதே கூத்து. ஊருக்குக் கிளம்பும்போது, "தாத்தா, இது இங்கயே இருக்கட்டும், நீங்க சின்னியோட விளையாடுங்க"ன்னு பையன் என் கையில குடுத்துட்டுப் போனான்.

நான் விளையாடினேன். இதை எழுத ஆரம்பிச்சதே அந்தத் தப்பை ஒத்துக்கத்தான். சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்து உட்கார்ந்தா கை தானா அந்த லைட்டைத் தேடும். அறுபது வயசை நெருங்குறவன் ஒரு பூனையை ஓட விட்டுச் சிரிச்சுக்கிட்டிருந்தேன். ஒரு மாசத்துக்கு மேல.

சின்னி செல்லத்துக்கு வளர்க்கிற பூனை இல்லை. எங்க பக்கம் மல்லாட்டைதான் மானாவாரிக்கு உயிர் (நீங்க வேர்க்கடலைன்னு சொல்றது). விதைக்கு எடுத்து வச்ச மூட்டையில எலி பூந்துச்சுன்னா அடுத்த பட்டத்துக்கு விதை வெளியில வாங்கணும். எலிக்கு மருந்து வச்சா கோழி சாகும், ஆந்தை சாகும். அதனால மூட்டை அடுக்கின அறைக்கு சின்னிதான் காவல். அவ உட்கார்ந்து எலி பிடிக்கிறதை நீங்க பார்க்கணும். மணிக்கணக்கா ஒரே இடத்துல கல்லு மாதிரி இருப்பா. அப்புறம் ஒரு பதுங்கல், ஒரு பாய்ச்சல், கழுத்துல ஒரு கடி. தூக்கிக்கிட்டு வந்து வாசல்ல போட்டுட்டு நம்மளை ஒரு பார்வை பார்ப்பா.

இந்த வரிசையிலதான் விஷயம் இருக்குன்னு எனக்குப் பின்னாடிதான் புரிஞ்சுது. பதுங்குறது, துரத்துறது, பாயுறது, பிடிக்கிறது, கடிக்கிறது, தின்னுறது. பூனை உடம்பு இதுக்குன்னே அமைஞ்சது. லேசர் முதல் மூணை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிவிட்டு மிச்ச மூணையும் தராது. பாதத்தால அமுக்குது, எடுத்துப் பார்த்தா அடியில ஒண்ணும் இல்லை. வெளிச்சம் பாதத்துக்கு மேல உட்கார்ந்திருக்கு. நாம அதைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம்.

மூணாவது வாரத்துல சின்னி வேற மாதிரி ஆனா. காலையில எவர்சில்வர் குடத்துல வெயில் பட்டுச் சுவத்துல ஒளி ஆடுமே, அதைத் துரத்த ஆரம்பிச்சா. செல்போனை மேசையில வச்சா கூரையில அடிக்கிற வெளிச்சத்தைப் பார்த்துக்கிட்டு வாலை ஆட்டிக்கிட்டே இருப்பா. லைட்டை நிறுத்தின பிறகும் களத்துல அந்த இடத்துக்கே போய் தரையை மோந்து பார்ப்பா. மூட்டை அறையில எலிப் புழுக்கை கண்ணுல பட ஆரம்பிச்சுது. அப்பவும் எனக்கு உறைக்கலை.

உறைச்சது தை மாசத்துல ஒரு ராத்திரி. எங்களுக்கு த்ரீ பேஸ் கரண்ட் சில நாள் நடுராத்திரியிலதான் வரும். மோட்டார் போட நெத்தியில டார்ச்சை மாட்டிக்கிட்டு கிணத்துக்குப் போனேன். சின்னி வழக்கமா கூட வர்றவதான். அன்னிக்கு நான் தலையைத் திருப்புற பக்கமெல்லாம் அந்த வெளிச்ச வட்டத்தோட ஓடினா. விளையாடுறான்னு விட்டுட்டேன். ஸ்டார்ட்டர் பெட்டியைப் பார்க்கத் தலையைத் திருப்பினப்ப வெளிச்சம் கிணத்து விளிம்புல விழுந்து உள்ளே இறங்கியிருக்கு. அவளும் அது பின்னாடியே போயிட்டா. எங்க கிணறு பாட்டன் காலத்துது, சதுரக் கிணறு, மேற்குப் பக்கம் சுத்துச் சுவர் கிடையாது.

தண்ணியில விழுந்த சத்தமும், அதுக்கப்புறம் ஒரு கத்தலும். டார்ச்சை அடிச்சா உள்கல் ஒண்ணைப் பிடிச்சுத் தொத்திக்கிட்டிருந்தா. வெளிச்சத்தை நேரா அவ மேல அடிச்சா அதையும் பிடிக்கக் கையை எடுத்துடுவாளோன்னு பயம். அதனால பக்கத்துச் சுவத்துலயும் அடிக்காம வானத்தைப் பார்க்கத் திருப்பிட்டு, தட்டுக்கூடையில கயிறு கட்டி, ஒரு கருவாட்டுத் துண்டைப் போட்டு இருட்டுல இறக்கினேன். கூடைக்குள்ள அவ ஏறினது விடியற நேரத்துல. மேல தூக்கி விட்டதும் உடம்பை உதறிட்டு வைக்கோல் போருக்குள்ள போயிட்டா. நான் அங்கயே உட்கார்ந்துட்டேன்.

லேசர்தான் காரணம்னு சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ண மாட்டேன். டார்ச் வெளிச்சத்தைத் துரத்துற பூனை உலகத்துல உண்டு. ஆனா இவ ஆறு வருஷமா என் கூட ராத்திரி கிணத்துக்கு வர்றா. ஒரு நாளும் வெளிச்சத்தைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

அண்ணன் பொண்ணுகிட்ட போன்ல சொன்னேன். அவ வீட்டுலயும் ஒரு பூனை இருக்கு. அவ அனுப்பி வச்ச கட்டுரைகளைப் படிச்சப்பதான் இதைப் பத்தி ஆராய்ச்சியே நடந்திருக்குன்னு தெரிஞ்சுது. 2021ல் 'அனிமல்ஸ்' என்ற ஆய்விதழில் வந்திருக்கிறது. 618 பூனை வளர்ப்பவர்களிடம் கேட்டிருக்கிறார்கள். லேசர் வைத்து அடிக்கடி விளையாடுகிற வீடுகளில், பூனை நிழலையும் வெளிச்சத்தையும் துரத்துவது, பிரதிபலிப்பை முறைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பது, ஒரே பொம்மையில் வெறியாக இருப்பது போன்றவை கூடுதலாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. இரண்டும் சேர்ந்து வருகின்றன என்றுதான் அந்த ஆய்வு சொல்கிறது, இதனால்தான் அது என்று சொல்லவில்லை. வளர்ப்பவர்கள் சொன்னதை வைத்துச் செய்த ஆய்வு, நியாயமாகத்தான் அளந்து பேசுகிறது. என் களத்தில் நான் பார்த்தது அந்தப் பட்டியலில் அப்படியே இருந்தது.

இனி கண் விஷயம். பலரும் கேட்பது இதைத்தான். லேசர் சாதாரண டார்ச் மாதிரி போகப் போக விரிந்து மங்கிவிடாது. கண்ணுக்குள் போனால் கண்ணின் வில்லை அதை இன்னும் சின்னதாகக் குவித்து விழித்திரையில் ஒரே இடத்தில் கொண்டுபோய் வைக்கும். அங்கே சுட்டால் வலிக்காது, ஆனால் அந்த இடத்துப் பார்வை திரும்பாமலே போகலாம். 1 மில்லிவாட்டுக்குக் குறைந்த சிவப்பு லைட் என்றால், கண் கூசி இமை மூடுகிற அந்தக் கால் நொடிக்குள் பெரிய சேதம் வராது என்று கணக்குப் போட்டுத்தான் அதை இரண்டாம் வகை என்று பிரித்திருக்கிறார்கள். தரையில் விழுந்த புள்ளியைப் பார்ப்பதால் பூனைக்கும் ஒன்றும் ஆகாது. சிக்கல், கையில் இருப்பது அந்த வகைதானா என்பதில்.

துணி விரிச்சு விக்கிற லைட்டுல ஒட்டியிருக்கிற எண்ணை நம்ப முடியுமா? அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான 'நிஸ்ட்' 2013ல் 122 லேசர் பாயின்டர்களைச் சோதித்துச் சொன்னது: பச்சையில் கிட்டத்தட்ட 90 சதவீதமும் சிவப்பில் 44 சதவீதமும் அந்த நாட்டுப் பாதுகாப்பு விதிக்கு அடங்கவில்லை. அங்கேயே அந்த லட்சணம். பச்சையில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. உள்ளே முதலில் உண்டாவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். ஒரு படிகம் வழியாக அதை மாற்றித்தான் பச்சையாக்குகிறார்கள். மலிவானதில் மிச்சக் கதிரைத் தடுக்கிற வடிகட்டி இல்லாமல் போகலாம். தெரியாத வெளிச்சத்துக்கு இமை எப்படி மூடும்?

எங்க களத்துல சுத்தி இருந்ததெல்லாம் எவர்சில்வர் குடம், தவலை, மாட்டுக்குத் தண்ணி வைக்கிற தொட்டி. எதுல பட்டு எந்தக் கண்ணுக்குத் திரும்பியிருக்கும்னு யார் பார்த்தா? அந்தப் பையனே ஒரு தடவை "உள்ள எப்படி எரியுது"ன்னு முனையைத் திருப்பிப் பார்க்கப் போனான், அவங்க அம்மா பிடுங்கிட்டா. பூனையை விட எனக்கு அந்த நொடிதான் இப்பவும் ராத்திரியில வந்து போகுது.

நான் லேசருக்கே எதிரி இல்லைங்க. நிலத்தைச் சமப்படுத்த லேசர் லெவலர் வச்ச டிராக்டர் இப்ப உண்டு. ஒரு முக்காலியிலிருந்து சுத்துற கதிரைப் பார்த்து பின்னாடி இருக்கிற வாளி தானா ஏறி இறங்கி மேட்டைச் சீவிப் பள்ளத்துல போடும். தண்ணி கழனி முழுக்க ஒரே மட்டமா நிக்கும். அது கருவி. கையில இருக்கிறவனுக்கு அது என்னன்னு தெரியும்.

அண்ணன் பொண்ணு சும்மா விடலை. "சித்தப்பா, உங்க பூனைக்குக் காடு கழனி இருக்கு, எலி இருக்கு. எங்க பூனைக்கு 600 சதுர அடி. நாள் பூரா தூங்கித் தூங்கி பந்து மாதிரி ஆயிடுச்சு. நான் வேலை முடிச்சு வந்து சோபாவுல உட்கார்ந்தபடியே அதை ஓட வைக்க வேற என்ன வழி?"ன்னு கேட்டா. இதுக்கு என்கிட்ட சட்டுன்னு பதில் இல்லை. அவ சொல்றது நெசம். அடைஞ்சு கிடக்கிற பூனைக்கு ஓட்டம் வேணும். லேசரை அளவா பயன்படுத்திட்டு, கடைசியில ஒரு பொம்மை மேலயோ தீனி மேலயோ வெளிச்சத்தைக் கொண்டுபோய் நிறுத்தி, பூனை எதையாவது பிடிச்சு முடிக்கிற மாதிரி பண்ணுங்கன்னு சொல்ற கால்நடை மருத்துவர்களும் இருக்காங்க. கட்டாயம் லேசர்தான் வேணும்னா அப்படியாவது பண்ணுங்க. சிவப்பு, 1 மில்லிவாட்டுக்குக் கீழ, தரையில மட்டும், பெரியவங்க கையில மட்டும். சாவிக்கொத்து லேசருக்குள்ள இருக்கிற பட்டன் பேட்டரியைக் குழந்தை முழுங்கிட்டா தொண்டையையே அரிச்சுடும், அதையும் மறக்காதீங்க.

ஆனா நான் அவகிட்ட சொன்னது வேற. ஒரு குச்சியில ஒரு முழ நூலைக் கட்டி, நுனியில கோழி இறகையோ கசக்கின காகிதத்தையோ கட்டு. சோபாவுல உட்கார்ந்தே ஆட்டலாம். எலி மாதிரி இழு, நிறுத்து, கதவு மறைவுக்குக் கொண்டுபோ. அஞ்சு தடவைக்கு ஒரு தடவையாவது பிடிக்க விடு, வாயில கவ்விக்கிட்டுப் போகட்டும். முடிஞ்சதும் அதோட ராத்திரிச் சாப்பாட்டை வை. அப்புறம் நூலைக் கண்டிப்பா எடுத்து உள்ள வச்சிடு. பூனை நூலை முழுங்கினா குடல் சுருட்டிக்கும், அதுவும் ஆபரேஷன் வரைக்கும் போகும்.

"இவ்வளவுதானா?"ன்னா. ரெண்டு வாரம் கழிச்சு ஒரு வீடியோ அனுப்பினா. பந்து மாதிரி இருந்த அந்தப் பூனை ஒரு காகித உருண்டையைக் கவ்விக்கிட்டு உறுமிக்கிட்டே கட்டிலுக்கு அடியில போகுது.

எங்க வீட்டு லைட்டோட பேட்டரியைக் கழட்டிட்டேன். சின்னி இப்ப மறுபடியும் மூட்டை அறையிலதான் படுக்கிறா. போன வாரம் வாசல்ல ரெண்டு எலி கிடந்துச்சு. இருந்தாலும் காலையில குடத்து வெயில் சுவத்துல ஆடும்போது தலையைத் தூக்கி ஒரு நிமிஷம் பார்க்கத்தான் செய்றா. குடத்தை நிழல்ல நகர்த்தி வச்சிருக்கேன். கிணத்து மேற்குப் பக்கத்துக்குக் கம்பி வலை அடிக்க வெல்டிங் பட்டறையில அளவு குடுத்தாச்சு, வர்ற செவ்வாய்க்கிழமை மாட்டுறாங்க.